கோட் எழுதித் திரை அமைப்பது: ஆட்டோ லேஅவுட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐபோன் ஆப் எழுதப் புதிதாக வருகிறவர்களும், ஸ்டோரிபோர்டை (மவுஸால் இழுத்துப் போட்டுத் திரை அமைக்கும் கோப்பு) விட்டுவிட்டுக் கோடுக்கு மாறுகிறவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆட்டோ லேஅவுட் என்பது, திரையில் எது எங்கே, எந்த அளவில் நிற்க வேண்டும் என்று நாம் எழுதும் விதிகளை வைத்துச் சிஸ்டமே கணக்கிட்டுக்கொள்ளும் முறை. அந்த விதிகள்தான் கன்ஸ்ட்ரெயின்ட். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரு கேள்விதான் ஓடுகிறது: இந்த வியூவின் (பட்டன், படம் போன்ற திரைப் பகுதியின்) அகலத்தையும் உயரத்தையும் இடத்தையும் யார் முடிவு செய்கிறார்கள்? திரை கோணலாக வரும்போதெல்லாம் அதைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபட்டுவிடும்.

கன்ஸ்ட்ரெயின்ட் என்றால் என்ன? ஃப்ரேமில் நாலு எண்ணைப் போட்டால் வேலை முடிந்துவிடுமே?

ஃப்ரேம் (வியூவின் இடத்தையும் அளவையும் சொல்லும் நாலு எண்) என்பது விடை. கன்ஸ்ட்ரெயின்ட் என்பது அந்த விடையைத் தரும் சமன்பாடு. "பட்டனின் மேல்விளிம்பு, அதற்கு மேலே உள்ள பெட்டியின் கீழ்விளிம்பிலிருந்து 12 பாயின்ட் (திரையை அளக்கும் அலகு) தள்ளி இருக்கட்டும்" என்று சொல்கிறோம். கணக்காக எழுதினால் இப்படி வரும்: பட்டன்.டாப் = 1 × பெட்டி.பாட்டம் + 12. நடுவில் உள்ள 1 மல்டிப்ளையர், கடைசியில் உள்ள 12 கான்ஸ்டன்ட். இப்படி எழுதிய எல்லாச் சமன்பாடுகளையும் ஒன்றாக வைத்துத் தீர்த்து, ஒவ்வொரு வியூவின் ஃப்ரேமையும் சிஸ்டமே கண்டுபிடித்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது கேசவரி என்ற அல்காரிதம். 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் போர்னிங்கும் உடன் உழைத்தவர்களும் உருவாக்கியது.

ஃப்ரேமில் எண் போட்டே காலம் தள்ள முடிந்ததற்குக் காரணம் உண்டு. 2012 வரை எல்லா ஐபோன் திரையும் 320க்கு 480 பாயின்ட். அந்த ஆண்டு வந்த ஐபோன் 5 உயரத்தை 568 ஆக்கியது. அதே ஆண்டு ஐஓஎஸ் 6 உடன் ஆட்டோ லேஅவுட் ஐபோனுக்கு வந்தது. மேக்கில் அது 2011லேயே வந்துவிட்டது. இன்று திரையின் அளவு மட்டுமா மாறுகிறது? போனைப் படுக்கவைக்கிறார்கள், ஐபேடில் இரண்டு ஆப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள், மொழியை மாற்றுகிறார்கள். இத்தனைக்கும் தனித்தனியாக எண் எழுதி மாளாது.

ஒரு வியூவுக்கு எத்தனை கன்ஸ்ட்ரெயின்ட் போடணும்? சிலர் நாலு என்கிறார்கள், சிலர் இரண்டு போதும் என்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எண்ண வேண்டியது நாம் போட்ட கன்ஸ்ட்ரெயின்ட்களை அல்ல, விடை கிடைத்துவிட்ட கேள்விகளை. கிடைமட்டத்தில் இரண்டு கேள்விகள்: எங்கே நிற்கிறது, எவ்வளவு அகலம்? செங்குத்தாக இரண்டு: எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம்? ஆக நான்கு விடைகள் வேண்டும்.

லீடிங் (வரி தொடங்கும் பக்கம்), ட்ரெயிலிங் (வரி முடியும் பக்கம்) இரண்டையும் கட்டிவிட்டால் இடம், அகலம் இரண்டுமே தெரிந்துவிடும். சென்டர்எக்ஸ் (கிடைமட்டத்தில் நடுப்புள்ளி) கட்டினால் இடம் தெரிகிறது, அகலம் தெரியவில்லை. அகலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். லேபிள் (எழுத்தைக் காட்டும் வியூ) போன்றவை தங்கள் அளவைத் தாங்களே சொல்லிவிடுவதால் அவற்றுக்கு இடத்தை மட்டும் சொன்னால் போதும். விடை குறைந்தால் திரை குழம்பும். ஒரே கேள்விக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு விடை இருந்தால் மோதல் வரும்.

ஸ்டோரிபோர்டில் இழுத்துப் போட்டால் ஆகிற வேலைக்கு ஏன் கோட் எழுதணும்?

தனியாளாகச் சின்ன ஆப் எழுதுகிறீர்கள் என்றால் ஸ்டோரிபோர்டு போதும், சங்கடப்பட வேண்டாம். குழுவாக வேலை செய்யும்போதுதான் கஷ்டம் தெரியும். இரண்டு பேர் ஒரே ஸ்டோரிபோர்டைத் தொட்டால் அந்த எக்ஸ்எம்எல் மெர்ஜ் ஆகாமல் படுத்தும். ரிவ்யூ செய்கிறவருக்கு என்ன மாறியது என்றே புரியாது. கோடில் "16 இருந்தது 20 ஆனது" என்று ஒரு வரி தெரியும். நான் கோட் பக்கம் நிற்பது இதற்காகத்தான்.

2015ல் ஐஓஎஸ் 9 உடன் ஆங்கர் (வியூவின் விளிம்பையோ அளவையோ குறித்துக் கன்ஸ்ட்ரெயின்ட் உருவாக்கும் வழி) வந்த பிறகு எழுதுவதும் சுலபம். அதற்கு முன் ஒரு கன்ஸ்ட்ரெயின்டுக்கு ஏழு ஆர்க்யூமென்ட் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது ஒரே வரி. மேல்விளிம்பை இடதுவிளிம்போடு கட்டப் பார்த்தால் கம்பைலரே தடுத்துவிடும்.

எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டேன். ரன் பண்ணினால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை.

பத்தில் ஒன்பது முறை, ட்ரான்ஸ்லேட்ஸ் ஆட்டோரீசைசிங் மாஸ்க் இன்டு கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்ற நீளப் பெயர்க்காரரை ஃபால்ஸ் ஆக்க மறந்திருப்பீர்கள். கோடில் உருவாக்கும் ஒவ்வொரு வியூவிலும் அது ட்ரூ ஆகவே தொடங்குகிறது. ட்ரூ என்றால், "இதன் ஃப்ரேமில் இருக்கும் எண்களையே கன்ஸ்ட்ரெயின்டாக எடுத்துக்கொள்" என்று பொருள். புதிதாகப் பிறந்த வியூவின் ஃப்ரேம் சுழியம். ஆக, நீங்கள் ஒரு அகலம் சொல்கிறீர்கள், சிஸ்டம் "அகலம் 0" என்று இன்னொன்று சொல்கிறது. இருவரும் முடிவு செய்யப் பார்க்கிறார்கள்.

நீங்கள் கன்ஸ்ட்ரெயின்ட் போடும் வியூவுக்கு மட்டும் ஃபால்ஸ் ஆக்குங்கள். வியூ கன்ட்ரோலரின் மூல வியூவையும் டேபிள் செல்லின் கன்டென்ட் வியூவையும் தொடாதீர்கள். அவற்றின் அளவைச் சிஸ்டமே பார்த்துக்கொள்கிறது. வியூக்களை வரிசையாக அடுக்கும் ஸ்டாக் வியூவில் சேர்க்கும் வியூவுக்கு ஸ்டாக் வியூவே ஃபால்ஸ் ஆக்கிவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், ஐஸ்ஆக்டிவ் ட்ரூ ஆக்கினீர்களா என்று பாருங்கள். ஆங்கர் கன்ஸ்ட்ரெயின்டை உருவாக்கித் தருவதோடு சரி, அதை இயக்குவது நம் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக என்எஸ்லேஅவுட்கன்ஸ்ட்ரெயின்ட் டாட் ஆக்டிவேட்டுக்குக் கொடுத்துவிட்டால் இந்த மறதிக்கே இடமில்லை.

ரன் பண்ணின உடனே கிராஷ். "காமன் ஆன்செஸ்டர் இல்லை" என்று வருகிறது.

கன்ஸ்ட்ரெயின்டை இயக்கும் நேரத்தில் அந்த இரண்டு வியூக்களும் ஒரே மரத்தில் இருக்க வேண்டும். முதலில் ஆட்சப்வியூ (தாய் வியூவுக்குள் சேர்ப்பது), அப்புறம் ஆக்டிவேட். வரிசையைத் திருப்பிப் போட்டால் கிராஷ்தான்.

இடதுபுறம் சரியாக 16 இடைவெளி வருகிறது, வலதுபுறம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. இரண்டுக்கும் 16தானே கொடுத்தேன்?

நீங்கள் வைக்கும் வியூவை அட்டை என்று வைத்துக்கொண்டு சமன்பாடாக எழுதிப் பாருங்கள். அட்டை.ட்ரெயிலிங் = திரை.ட்ரெயிலிங் + 16 என்றால், அட்டையின் வலதுவிளிம்பு திரையின் விளிம்பைத் தாண்டி 16 பாயின்ட் போகிறது. உள்ளே வர வேண்டுமானால் கான்ஸ்டன்ட் −16. பாட்டத்துக்கும் இதே கணக்கு. கழித்தல் குறி பிடிக்கவில்லை என்றால் பக்கத்தை மாற்றி, திரை.ட்ரெயிலிங் = அட்டை.ட்ரெயிலிங் + 16 என்று எழுதலாம்.

லெஃப்ட் என்று எளிதாக இருக்கும்போது லீடிங் எதற்கு?

அரபு, ஹீப்ரு, உருது வலமிருந்து இடமாக எழுதப்படுகின்றன. லீடிங் என்றால் வரி தொடங்கும் பக்கம். அந்த மொழிகளில் அது தானாகவே வலதுபுறமாகிவிடும். உங்கள் ஆப் என்றாவது அந்த மொழிகளுக்குப் போகலாம் என்றால், இன்றைக்கு லீடிங் எழுத ஒரு செலவும் இல்லை. லெஃப்டையும் லீடிங்கையும் ஒரே கன்ஸ்ட்ரெயின்டில் கலக்காதீர்கள். கம்பைலர் விட்டுவிடும், ரன் ஆகும்போது கிராஷ் ஆகும்.

தலைப்பு திரையின் உச்சியில் உள்ள கேமரா மேட்டுக்குப் பின்னால் மறைகிறது. 44 தள்ளிவைத்தேன், வேறு போனில் இடைவெளி கோரமாக இருக்கிறது.

எண்ணை எடுத்துவிடுங்கள். 2017ல் ஐபோன் எக்ஸ் வந்தபோது ஐஓஎஸ் 11 உடன் சேஃப் ஏரியா லேஅவுட் கைடும் வந்தது. மேட்டுக்கும், கீழே உள்ள ஹோம் கோட்டுக்கும், நேவிகேஷன் பாருக்கும் எவ்வளவு விட வேண்டும் என்பது அதற்குத் தெரியும். எழுத்தையும் பட்டனையும் சேஃப் ஏரியாவோடு கட்டுங்கள். பின்னணி நிறத்தையும் படத்தையும் திரையின் ஓரத்தோடேயே கட்டுங்கள். பின்னணியையும் சேஃப் ஏரியாவுக்குள் அடைத்துவிட்டு மேலேயும் கீழேயும் வெள்ளைப் பட்டை வருகிறது என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர்.

லேபிளுக்கு நான் அகலமே கொடுக்கவில்லை, ஆனாலும் சரியாக வருகிறது. வெற்று யூஐவியூ மட்டும் ஏன் காணாமல் போகிறது?

லேபிளுக்கும் பட்டனுக்கும், படம் வைத்த இமேஜ் வியூவுக்கும் இன்ட்ரின்சிக் கன்டென்ட் சைஸ் உண்டு. உள்ளே இருப்பதைப் பார்த்துத் தங்களுக்கு எவ்வளவு இடம் தேவை என்று அவையே சொல்லிவிடும். வெற்று யூஐவியூவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் அளவு கொடுக்க வேண்டும், அல்லது அதன் உள்ளே இருக்கும் வியூக்கள் நான்கு பக்கமும் அதோடு கட்டப்பட்டு அதை உப்ப வைக்க வேண்டும்.

லேபிளின் உயரத்தை எண்ணால் பூட்டாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பார்வை மங்கியவர் எழுத்தைப் பெரிதாக்கியதும் வரிகள் பாதியில் வெட்டுப்படும். அவருக்காகத்தான் அந்த வசதியே இருக்கிறது. நம்பர்ஆஃப்லைன்ஸ் 0, உயரத்துக்கு எந்தப் பூட்டும் இல்லை, அகலம் எங்கிருந்தாவது தெளிவாக வருகிறது என்றால் லேபிள் தன் உயரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஹக்கிங், கம்ப்ரெஷன் ரெசிஸ்டன்ஸ் இரண்டும் எத்தனை முறை படித்தாலும் குழம்புகிறது.

வரையறையை விட்டுவிட்டு ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். செய்தி ஆப்பில் ஒரு வரி: இடதுபுறம் அனுப்பியவர் பெயர், வலதுபுறம் நேரம். இரண்டும் லேபிள். பெயர்.லீடிங் = வரி.லீடிங் + 16, நேரம்.லீடிங் = பெயர்.ட்ரெயிலிங் + 8, வரி.ட்ரெயிலிங் = நேரம்.ட்ரெயிலிங் + 16. வரியின் அகலம் 375 என்றால், ஓரங்களும் இடைவெளியும் போக லேபிள்களுக்கு 335 மிச்சம்.

பெயர் சின்னது, 90 பாயின்ட். நேரம் 60. ஆக 185 பாயின்ட் சும்மா கிடக்கிறது. யாராவது ஒருவர் நீள வேண்டும். யார்? ஹக்கிங் முன்னுரிமை குறைந்தவர் நீள்வார். கோடில் உருவாக்கிய லேபிளுக்கு அது 250. இரண்டும் 250 என்றால் சிஸ்டம் தன் இஷ்டத்துக்கு ஒருவரைப் பிடிக்கும், நேரம் நீண்டு நடுவில் வந்து நிற்கலாம். நேரத்தின் ஹக்கிங்கை 251 ஆக்குங்கள். "நான் என் எழுத்தோடு ஒட்டியே இருப்பேன்" என்று அது அடம்பிடிக்க, பெயர் நீளும்.

இப்போது பெயர் நீளமானது, 320 பாயின்ட் வேண்டும். இருவருக்கும் சேர்த்து 380 வேண்டும், இருப்பது 335. ஒருவர் சுருங்கியாக வேண்டும். இங்கே பேசுவது கம்ப்ரெஷன் ரெசிஸ்டன்ஸ், தொடக்க மதிப்பு 750. நேரத்துக்கு 751 கொடுத்தால் பெயர் சுருங்கி முனையில் மூன்று புள்ளி வரும், நேரம் முழுதாகத் தெரியும். ஹக்கிங் மிச்சம் இருக்கும்போது பேசும். ரெசிஸ்டன்ஸ் பற்றாக்குறையில் பேசும். ஒரே வரிசையில் இரண்டு லேபிள் வைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சூழலையும் சிமுலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

முன்னுரிமையில் எதற்கு 999 என்று எழுதுகிறார்கள்? 1000 போட்டால் என்ன?

1000 என்றால் கட்டாயம். நிறைவேறாவிட்டால் மோதல் என்று கன்சோலில் (ஆப் எழுதும் கருவியான எக்ஸ்கோட் செய்திகளைக் காட்டும் இடம்) அழும். 999 என்றால், "முடிந்தவரை செய், முடியாவிட்டால் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கு, சத்தம் போடாதே".

ஐபேடில் இது அழகாக வேலை செய்யும். ஒரு படிவம் போனில் திரை முழுக்க விரிய வேண்டும், பெரிய திரையில் 600க்கு மேல் போகக் கூடாது, நடுவில் நிற்க வேண்டும். சென்டர்எக்ஸ் திரையோடு; அகலம் ≤ 600, கட்டாயம்; அகலம் = திரை.அகலம் − 32, முன்னுரிமை 999. போனில் இரண்டும் நிறைவேறும். ஐபேடில் 999 விட்டுக்கொடுக்கும், 600ல் நிற்கும். இஃப் போட்டு எந்தச் சாதனம் என்று கேட்கும் கோட் ஒரு வரிகூட வேண்டாம்.

கன்சோலில் ஒரு பக்கத்துக்கு ஏதோ கொட்டுகிறது. "அனேபிள் டு சைமல்டேனியஸ்லி சாட்டிஸ்ஃபை" என்று. திரை சரியாகத்தானே இருக்கிறது, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இரண்டு விடைகள் மோதின, அதில் ஒன்றைச் சிஸ்டம் தூக்கி எறிந்துவிட்டது என்பதுதான் அந்தச் செய்தி. இன்று அது எறிந்தது உங்களுக்குத் தேவையில்லாததாக இருந்திருக்கலாம். நாளைக்கு வேறு திரையில் தேவையானதை எறியும்.

படிக்கும் விதம் இதுதான். பட்டியலில் இந்த நான்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: அட்டை.அகலம் = 320; அட்டை.லீடிங் = திரை.லீடிங் + 16, திரை.ட்ரெயிலிங் = அட்டை.ட்ரெயிலிங் + 16, திரை.அகலம் = 375. கடைசி மூன்றையும் சேர்த்தால் அட்டைக்கு 375 − 32 = 343 அகலம் வர வேண்டும். முதலாவது 320 என்கிறது. அகலத்தை இரண்டு பேர் முடிவு செய்கிறார்கள். எது உங்கள் எண்ணம் என்று தீர்மானித்து மற்றதை நீக்குங்கள். இரண்டுமே வேண்டும் என்றால் ஒன்றை 999க்கு இறக்குங்கள். செய்தியின் கடைசியில் எந்தக் கன்ஸ்ட்ரெயின்டை உடைத்தேன் என்று சொல்லியிருக்கும். குற்றவாளி அதுதான் என்று நம்பிவிடாதீர்கள். அது சிஸ்டம் தேர்ந்தெடுத்த பலி மட்டுமே.

பட்டியலில் ஆட்டோரீசைசிங்மாஸ்க் என்ற பெயர் தெரிந்தால் மேலே சொன்ன நீளப் பெயர்க்காரரை மறந்திருக்கிறீர்கள். யூஐஎஸ்வி என்று தொடங்கினால் அது ஸ்டாக் வியூ தானாகப் போட்டது. மற்றவற்றில் வெறும் மெமரி முகவரி இருந்து கண்ணைக் கட்டும். அதனால் முக்கியமான கன்ஸ்ட்ரெயின்டுக்கெல்லாம் ஐடென்டிஃபையர் கொடுத்துவையுங்கள், செய்தியில் அந்தப் பெயரே வரும். எக்ஸ்கோடில் யூஐவியூஅலர்ட்ஃபார்அன்சாட்டிஸ்ஃபையபிள்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்ற பெயருக்கு ஒரு சிம்பாலிக் பிரேக்பாயின்ட் போட்டால் மோதும் கணத்திலேயே ஆப் நின்றுவிடும்.

கன்சோலில் ஒரு வரிகூட வரவில்லை, ஆனால் வியூ ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது.

இது விடை குறைந்த நிலை. ஒன்றுக்கு மேற்பட்ட ஃப்ரேம்கள் உங்கள் சமன்பாடுகளுக்குப் பொருந்துகின்றன, சிஸ்டம் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்கிறது. இதற்குக் கன்சோல் வாய் திறக்காது. எக்ஸ்கோடின் வியூ டீபக்கரைத் திறந்தால் ஊதா நிற எச்சரிக்கை தெரியும், அல்லது ஹேஸ்ஆம்பிகுவஸ்லேஅவுட்டைக் கேட்டுப் பார்க்கலாம். பிறகு அந்த நான்கு கேள்விகளையும் அந்த வியூவிடம் வரிசையாகக் கேளுங்கள்.

வியூடிட்லோடில் ஃப்ரேமை பிரிண்ட் பண்ணினால் எல்லாம் 0. வட்டமாக்க அகலத்தில் பாதி வேண்டுமே?

வியூடிட்லோடில் (திரையின் வியூ ஏற்றப்பட்டதும் வரும் அழைப்பு) சமன்பாடுகள் எழுதப்படுகின்றன, இன்னும் தீர்க்கப்படவில்லை. தீர்ந்த எண் வேண்டுமானால் வியூடிட்லேஅவுட்சப்வியூஸ் வரை காத்திருங்கள். தனி வியூ கிளாஸ் என்றால் அதன் லேஅவுட்சப்வியூஸில் சூப்பரைக் கூப்பிட்ட பிறகு பௌண்ட்ஸைப் படித்து கார்னர் ரேடியஸ் கொடுங்கள். இவை பலமுறை அழைக்கப்படும் என்பதால் அங்கே புதிய கன்ஸ்ட்ரெயின்ட் உருவாக்காதீர்கள், குவிந்துகொண்டே போகும்.

கன்ஸ்ட்ரெயின்டை அனிமேஷன் பிளாக்குக்குள் மாற்றினேன். நகராமல் குதிக்கிறது.

கான்ஸ்டன்டை மாற்றினால் சமன்பாடுதான் மாறும், ஃப்ரேம் அடுத்த லேஅவுட் சுற்றில்தான் மாறும். அதற்குள் அனிமேஷன் பிளாக் முடிந்துவிடுகிறது. முதலில் கான்ஸ்டன்டை மாற்றுங்கள். பிறகு பிளாக்குக்குள் லேஅவுட்இஃப்நீடட் கூப்பிடுங்கள். அதை நகர வேண்டிய வியூவின் மீது கூப்பிடாமல் அதைச் சுமக்கும் தாய் வியூவின் மீது கூப்பிட வேண்டும். இதற்காக அந்த ஒரு கன்ஸ்ட்ரெயின்டை ஒரு பிராப்பர்ட்டியில் பிடித்து வைத்திருப்பது நல்லது.

ஒரு வியூவை ஹிடன் ஆக்கினேன். மறைகிறது, ஆனால் அதன் இடம் ஓட்டையாக நிற்கிறது.

மறைந்தாலும் அதன் கன்ஸ்ட்ரெயின்ட்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஸ்டாக் வியூவுக்குள் வைத்து ஹிடன் ஆக்கினால் ஸ்டாக் வியூ இடத்தை மூடிவிடும். தோன்றி மறையும் பகுதி எதுவானாலும் அதை ஸ்டாக் வியூவில் வைப்பதே என் வழக்கம். அதற்காகத் திரை முழுவதையும் ஸ்டாக்குக்குள் ஸ்டாக் என்று அடுக்க வேண்டாம். வரிசையாக நிற்பவற்றுக்கு ஸ்டாக், மற்றதற்கு ஆங்கர்.

ஸ்க்ரோல் வியூவுக்குள் எல்லாம் சரியாகக் கட்டினேன், ஸ்க்ரோலே ஆகவில்லை.

ஆட்டோ லேஅவுட்டில் நிறையப் பேர் மனம் உடைந்துபோகும் இடம் இது. ஸ்க்ரோல் வியூவுக்கு இரண்டு அளவுகள் உண்டு: திரையில் தெரியும் ஜன்னலின் அளவு, உள்ளே ஓடும் உள்ளடக்கத்தின் அளவு. வெளியே இருப்பவற்றோடு கட்டும் கன்ஸ்ட்ரெயின்ட்கள் முதலாவதை முடிவு செய்கின்றன. உள்ளே இருக்கும் வியூவை ஸ்க்ரோல் வியூவின் விளிம்போடு கட்டினால் அது இரண்டாவதைச் சொல்கிறது. ஒரே விளிம்புக்கு இரண்டு பொருள் இருந்ததால்தான் இவ்வளவு குழப்பம். ஐஓஎஸ் 11ல் அதைக் கன்டென்ட் லேஅவுட் கைடு, ஃப்ரேம் லேஅவுட் கைடு என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இப்போது எதைச் சொல்கிறோம் என்பது கோடிலேயே தெரியும்.

செங்குத்து ஸ்க்ரோலுக்கு: உள்ளே ஒரே ஒரு வியூ வையுங்கள். அதன் நான்கு விளிம்புகளையும் கன்டென்ட் லேஅவுட் கைடோடு கட்டுங்கள். அகலத்தை ஃப்ரேம் லேஅவுட் கைடின் அகலத்துக்குச் சமமாக்குங்கள். உயரத்தைச் சொல்லாதீர்கள். அது உள்ளே இருப்பவற்றிலிருந்து வர வேண்டும். அதற்கு, முதல் லேபிள் மேல்விளிம்போடும் ஒவ்வொன்றும் தனக்கு மேலுள்ளதோடும் கடைசி பட்டன் கீழ்விளிம்போடும் கட்டப்பட்டு, மேலிருந்து கீழ்வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். ஸ்க்ரோல் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பாட்டம் கன்ஸ்ட்ரெயின்ட் விட்டுப்போயிருக்கும்.

டேபிள் செல் தானாக உயரவில்லை. உயர்ந்தாலும் "என்கேப்சுலேட்டட் லேஅவுட் ஹைட்" என்று மோதல் வருகிறது.

உயராததற்குக் காரணம் மேலே சொன்ன அதே சங்கிலி. செல்லின் கன்டென்ட் வியூவில் டாப் தொடங்கி பாட்டம் வரை அறுபடாமல் கட்டுங்கள். செல்லோடு நேரடியாக அல்ல, கன்டென்ட் வியூவோடு. ரோஹைட்டுக்கு ஆட்டோமேட்டிக் டைமென்ஷன் கொடுங்கள்.

அந்த மோதல் வருவது, டேபிள் தற்காலிகமாக ஓர் உயரத்தைக் கட்டாயமாகச் செல்லுக்குக் கொடுப்பதால். உங்கள் சங்கிலி உண்மையான உயரத்தைச் சொல்லும்போது இரண்டும் சற்று நேரம் உரசுகின்றன. சங்கிலியில் ஒரு கண்ணியை, வழக்கமாகக் கடைசிப் பாட்டத்தை, 999 ஆக்கினால் அடங்கிவிடும். சங்கிலியே தப்பாக இருந்தால் 999 அதை மறைத்துவிடும். எனவே முதலில் உயரம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

கீபோர்டு வந்ததும் கீழே உள்ள பட்டன் மறைகிறது. நோட்டிஃபிகேஷன் கேட்டு உயரம் கணக்குப் போட வேண்டுமா?

ஐஓஎஸ் 15க்கு முன் அப்படித்தான். இப்போது கீபோர்டு லேஅவுட் கைடு இருக்கிறது. பட்டனின் பாட்டத்தை அதன் டாப்போடு கட்டினால் கீபோர்டோடு ஏறி இறங்கும். கீபோர்டு இல்லாதபோது அந்த கைடு சேஃப் ஏரியாவின் அடியில் நிற்கும்.

ஸ்னாப்கிட் மாதிரி லைப்ரரி போடலாமா? விஷுவல் ஃபார்மட்டும் இருக்கிறதே?

ஸ்னாப்கிட் எழுதுவதைச் சுருக்கும், அடியில் உருவாவது அதே கன்ஸ்ட்ரெயின்ட்தான். ஆங்கரைக் கற்ற பிறகு போட்டால் நல்லது. கற்காமல் போட்டால் கன்சோலில் மோதல் வரும்போது கையைப் பிசைய வேண்டும். விஷுவல் ஃபார்மட் (கன்ஸ்ட்ரெயின்டைக் குறியீடுகளால் எழுதும் முறை) வெறும் ஸ்ட்ரிங். எழுத்துப்பிழை ரன் ஆகும்போதுதான் தெரியும், அகல–உயர விகிதத்தை அதில் சொல்லவும் முடியாது. புதிதாக எழுதும் கோடில் அதற்கு இடமில்லை.

ஸ்விஃப்ட்யூஐ வந்துவிட்டது, ஆண்ட்ராய்டும் எழுத வேண்டும். இதையெல்லாம் இன்னும் படிக்கணுமா?

திரை அமைக்க ஆப்பிள் தரும் இன்னொரு முறையான, 2019ல் வந்த ஸ்விஃப்ட்யூஐயில் நாம் கன்ஸ்ட்ரெயின்ட் எழுதுவதில்லை. அங்கே தாய் ஓர் அளவை முன்வைக்கும், பிள்ளை தன் அளவைத் தேர்ந்துகொள்ளும். ஆனால் இதுவரை நாம் பேசிய யூஐகிட்டில் எழுதிய ஆப்கள் ஏராளம், அவற்றைப் பராமரிக்க ஆள் தேவை. ஆண்ட்ராய்டில் 2016ல் அறிவித்த கன்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட்டின் அடியிலும் அதே கேசவரிதான். அங்கே அகலத்துக்கு 0டிபி என்று எழுதினால் "அகலத்தைக் கன்ஸ்ட்ரெயின்டே முடிவு செய்யட்டும்" என்று அர்த்தம். ஐபோனில் கற்றது அங்கே அப்படியே கைகொடுக்கும்.

போனைத் திருப்பினால் படம் பாதித் திரைக்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு ஆகணும். மல்டிப்ளையரை மாற்ற விடமாட்டேன் என்கிறதே?

உருவான பிறகு கான்ஸ்டன்டை மாற்றலாம், மல்டிப்ளையரை மாற்ற முடியாது. இரண்டு கன்ஸ்ட்ரெயின்டையும் முன்பே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒன்றை நிறுத்தி மற்றதை இயக்க வேண்டும். திரை முழுவதும் மாறுகிறது என்றால் "நிமிர்ந்த", "படுத்த" என்று இரண்டு பட்டியல்கள், இரண்டுக்கும் பொதுவானவை தனியே.

மாற்றும்போது முதலில் பழையதை நிறுத்துங்கள், பிறகு புதியதை இயக்குங்கள். வரிசை மாறினால் அந்த ஒரு கணம் இரண்டும் உயிரோடு இருந்து கன்சோலில் மோதல் எழும். கடைசியில் திரை சரியாகவே வருவதால், இந்த மோதலுக்குக் காரணம் தேடிப் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

ஆட்டோ லேஅவுட் மெதுவானது, ஸ்க்ரோல் தடுக்கும் என்கிறார்கள். ஃப்ரேமுக்கே திரும்பிவிடலாமா?

அந்தப் பெயர் பழைய காலத்தில் வந்தது. 2018ல் ஐஓஎஸ் 12ல் ஆப்பிள் இந்தப் பகுதியைக் கணிசமாக வேகப்படுத்தியது. இன்றைய தடுக்கலுக்குப் பெரும்பாலும் நம் கோடே காரணம்: செல் மறுபடி பயன்படும்போதெல்லாம் எல்லாக் கன்ஸ்ட்ரெயின்டையும் கழற்றிப் புதிதாக மாட்டுவது. சமன்பாடுகளைத் தீர்ப்பதைவிட அந்தக் கழற்றி மாட்டும் வேலைதான் கனம்.

செல்லின் இனிஷியலைசரில் ஒருமுறை கட்டுங்கள். அதன் பிறகு மாறுவது எழுத்தும் படமும் மட்டுமே இருக்கட்டும். சில செல்லில் படம் உண்டு, சிலவற்றில் இல்லை என்றால் இரண்டு செல் வகைகளாகவே பதிவு செய்துவிடுங்கள். இவ்வளவும் செய்து, இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற வேகம் அளக்கும் கருவியில் அளந்து, லேஅவுட்தான் நேரத்தைத் தின்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, அந்த ஒரு செல்லை மட்டும் லேஅவுட்சப்வியூஸில் ஃப்ரேமாக எழுதலாம். அந்தச் செல்லின் உயரத்தை அதன்பின் சங்கிலி சொல்லாது. சைஸ்தட்ஃபிட்ஸில் நீங்களே கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.